எந்த அவன்?

"அணைச்ச அவன் தானா மூச்சு விடுதுங்க" என்று அவள் சொன்னது ரொட்டி சுடும் மின்னடுப்பைத்தான். "எந்த அவன்டி?" என்று கணவன் கேலி பேசினான். மாமியாரோ, மருமகளுக்குப் புத்தி பிசகிவிட்டதென்று அக்கம்பக்கத்தில் சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்தப் பேச்சு நிற்கட்டும் என்றுதான் அவள் மெக்கானிக்கை வரவழைத்தாள்.

அவர் வந்தபோதும் அடுப்பு புஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது.

"இது விசிறிம்மா. உள்ள வேண்டிய சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் கரண்டை நிறுத்தும், குறைஞ்சா திரும்பக் கொடுக்கும். விசிறிக்கும் அப்படி ஒண்ணு முதுகுப்பக்கம் தனியா இருக்கு. அந்தப் பக்கம் சுட்டா ஓடும், ஆறினா நிக்கும்."

"அண்ணே, நான் அடுப்பு போட்டே ரெண்டு நாளாச்சு."

அவர் கதவைத் திறந்து கையை விட்டார். உள்ளே சில்லிட்டிருந்தது. அடுப்பை வெளியே இழுத்துப் பின்சுவரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார்.

"சுவர்தான் கொதிக்குது. அந்தப் பக்கம் யாரு சமைக்கிறாங்க?"

கணவனின் முகத்தில் சிரிப்பு செத்தது. "அந்த வீடு காலிங்க. கரண்டைக்கூட கட் பண்ணிட்டாங்க."

தனக்குப் பைத்தியமில்லை என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது. பைத்தியமாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது. மாமியார் ஓசைப்படாமல் வந்து அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.