தூண்டில் தண்ணீரில் கிடக்கும்வரை

விவாகரத்தில் வீடு எனக்கு வந்தது. ஏரி யாருக்கும் சொந்தமில்லை. அதை என் முன்னாள் கணவன் டுவைட் பிடித்துக்கொண்டான்.

விடிந்தால் போதும், என் படகுத்துறைக்கு எதிரே அவன் படகு வந்து நிற்கும். துறைக் கால்களுக்கு நடுவே தூண்டிலை வீசிவிட்டு என் சமையலறை ஜன்னலையே பார்ப்பான். திரை போட்டேன். பிறகு விளக்குப் போடுவதையும் விட்டேன். என் வீட்டில் நானே திருடி மாதிரி நடமாடினேன்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் தோட்டத்துக் குழாயைத் திறந்து அவன்மேல் தண்ணீரைப் பீய்ச்சினேன். சிரித்துக்கொண்டே செல்போனில் படம் பிடித்தான். மதியம் ஏரிக் காவல் அதிகாரி ராய்ஸ் சம்மனோடு வந்து நின்றான்.

“மீன் பிடிக்கிறவங்களத் தொந்தரவு பண்ணக்கூடாது, மிஸ் லவெர்ன். சட்டம் அப்படி. இன்னொரு தடவன்னா ஜெயில்தான்.”

“ஜன்னலப் பாத்துக்கிட்டு எந்த மடையன்பா மீன் பிடிப்பான்? அவன் கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டே சொல்லியிருக்கே!”

“அது வீட்டுக்கும் தோட்டத்துக்கும்தான். தண்ணிய அதுல எழுதல. மீன் பிடிக்க லைசென்ஸ் வெச்சிருக்காரு, தூண்டில் தண்ணியில கெடக்கு. நான் என்ன பண்ண?”

நல்ல பையன்தான். அவன் நல்லவனாக இருந்து எனக்கு என்ன ஆகிவிட்டது?

நேராகத் தூண்டில் கடைக்குப் போய் அங்கேயே கிடைக்கும் மீன்பிடி லைசென்ஸ், தூண்டில், ஒரு டப்பா புழு வாங்கினேன். மறுநாள் டுவைட்டுக்கு முன்பே துறை நுனியில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டுவிட்டேன்.

“என்னடி இது? புழுவப் பாத்தாலே வாந்தி எடுப்ப!” என்றான்.

“தள்ளிப் போடா. மீன் பிடிக்கிறவளத் தொந்தரவு பண்ணாத.”

ராய்ஸைக் கூப்பிட்டேன். என் லைசென்ஸைப் பார்த்ததும் அவன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். “டுவைட், அவங்க தூண்டில் தண்ணியில கெடக்கு. நீங்க எடத்தக் காலி பண்ணுங்க.”

போனான். ஆனால் வெகுதூரம் போகவில்லை. நடு ஏரியில் நங்கூரம் போட்டு, நாற்காலியை என் பக்கம் திருப்பி, காபி பிளாஸ்கைத் திறந்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். அவனுக்கு வேறு என்ன வேலை?

அன்றிலிருந்து நான் துறையைவிட்டு எழுந்தால் அவன் வருகிறான். ஜன்னல் திரைகளையெல்லாம் திறந்துவிட்டேன். உள்ளே இருக்கத்தான் ஆளில்லை.

இன்று மழை. முதல்முறையாகத் தூண்டில் வெடுக்கென்று இழுத்தது. நல்ல கனமான மீன். தூக்கினால் தூண்டில் தண்ணீரில் இருக்காது; முள்ளைக் கழற்றி, புதுப்புழு கோர்ப்பதற்குள் அவன் வந்துவிடுவான். இப்போதே எழுந்து நின்று எஞ்சினில் கை வைத்துவிட்டான்.

நான் தூக்கவில்லை. இரண்டு கையாலும் தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி உட்கார்ந்திருக்கிறேன். அடியில் அது இழுத்துக்கொண்டே இருக்கிறது.