முப்பது சென்டிமீட்டருக்கு அப்பால்

"அப்பா, நேத்து எத்தனை தடவை கொல்லைக்குப் போனீங்க? மறைக்காம சொல்லுங்க."

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் இப்படிக் கேட்டதும் அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பாவிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று நெடுங்காட்டில் பஸ் ஏறும்போதே சொல்லிவைத்திருந்தாள்.

"காலேஜுல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா? பொண்ணு அப்பன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"நீ கேட்டியா?"

அவள் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை.

பதினோரு மாதமாக அப்பாவுக்கு ரத்தம் போகிறது. மூலம் என்று துத்திக்கீரை தின்னவைத்தார்கள். இடுப்பில் வேட்டி நிற்காமல் போன பிறகுதான் காரைக்காலில் ஒரு டாக்டர் இங்கே கடிதம் எழுதினார். இங்கே வளைகிற குழாய் ஒன்று இருக்கிறது, நுனியில் விளக்கோடு. அதைக் குடலுக்குள் செலுத்தி, மறுமுனையில் ஒற்றைக் கண்ணை வைத்து டாக்டர் பார்ப்பார். கட்டி இருந்தால் தெரியும், துளி கிள்ளியும் எடுக்கலாம். ஆனால் குடல் காலியாக இருக்க வேண்டும். முதல் நாள் சோறு கூடாது, சாயந்திரம் விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தந்த குறிப்புத் தாளில் இருந்தது.

காலையில் நர்ஸ் பங்கஜவல்லி என்னிடம்தான் கேட்டார், வயிறு நன்றாகப் போயிற்றா என்று. போயிற்று என்றேன். அப்பாவிடம் கேட்கக் கூசிய எனக்கு அவரிடம் பொய் சொல்லக் கூசவில்லை.

அப்பாவை உள்ளே அழைத்துப்போய் அரை மணி கழித்து டாக்டர் வெளியே வந்தார். முப்பது சென்டிமீட்டருக்கு மேலே மலம் அடைத்துக்கொண்டிருக்கிறது, எதையும் பார்க்க முடியவில்லை என்றார். மறு தேதி மூன்று மாதம் கழித்து. அதன் பிறகுதான் தாழ்வாரத்தில் அப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எண்ணெயை வாழைக்கட்டையில ஊத்திட்டேன். அஞ்சு மணி நேரம் பஸ்ஸும்மா. நடுவழியில வந்துச்சுன்னா? பொம்பளைங்கல்லாம் ஒக்காந்திருக்கையில கண்டக்டர்கிட்ட என்னன்னு சொல்லி நிறுத்துவேன்?"

குறிப்புத் தாளை எழுதியவர் வீட்டில் கக்கூஸ் இருந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் இல்லை. ஆத்திரம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

நேராக டாக்டர் அறைக்குள் போனேன்.

"தப்பு எங்களுது சார். நான் பொய் சொன்னேன். அதுக்கு மூணு மாசம் தண்டனை போடாதீங்க."

"இருக்கறது ஒரு குழாய்தாம்மா. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் தெரியுமா?"

"தெரியாது சார். எங்கப்பா பதிமூணு கிலோ எளைச்சிருக்காருன்னுதான் தெரியும். முப்பதுக்கு மேல என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது."

அவர் அப்பாவின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திங்கக்கிழமை ஏழு மணிக்கு வந்து உக்காருங்க. யாராவது வரலைன்னா பாக்கறேன். உறுதி கிடையாது."

வெளியே அம்மா பையைக் கட்டி முடித்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"திங்கக்கிழமையா? அன்னைக்குக் கோட்டுச்சேரி பள்ளிக்கூடத்துல நீ வேலையில சேரணும்டி. கடைசி நாளு அது."

"நீ போய்ச் சேரு தாயி" என்றார் அப்பா. "மூணு மாசந்தானே, ஓடிரும்."

"உங்களுக்கு ஓடாதுப்பா."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த வேலை ஆர்டரை வாய்க்கால் கரையில் நின்றவர்களிடமெல்லாம் காட்டியவர்.

"யாரும் பஸ் ஏறப்போறதில்ல" என்றேன். "உள்ளயே கக்கூஸ் இருக்குற ரூமாப் பாத்துட்டு வர்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை முழுக்க ஒரு பருக்கை அவர் வாயில படக் கூடாது. குடிக்கிறதை நான் நின்னு பாப்பேன். போறதையும் பாப்பேன், தெளிஞ்ச தண்ணியா வர்ற வரைக்கும்."

"பொண்ணா நீ? வேலை போயிரும்டி."

"போவட்டும்."

"சரி, திங்கக்கிழமை எல்லாரும் வந்துட்டாங்கன்னா?"

யாரோ ஒருவர் வராமல் போக வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டிருந்தேன். வராதவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவில்லை.

"செவ்வாக்கிழமை வந்து உக்காருவோம்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.