தீப்பெட்டிக்குள் ஒரு மூளை

எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். மகளுக்குத் தலை வாரினான். வகிடு கோணிப் போயிற்று. மருத்துவமனைச் சாலையில் இன்று நெரிசல் இல்லை என்றது கைபேசி. மனைவிக்காக அவன் ஓயாமல் போய்வந்த பாதை. அவள் இறந்த பிறகும் காலைதோறும் சொல்கிறது. அவனும் அந்த அறிவிப்பை நிறுத்தவில்லை.

சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. எங்கும் தீப்பெட்டிகள். மறுநாள் பள்ளியில் கண்காட்சி. கணினி எளிதில் கிடைக்காத காலத்தில், ஒருவர் தீப்பெட்டிகளுக்கே விளையாடக் கற்றுக்கொடுத்தாராம். அவன் அதைச் சொல்லப்போக, எட்டு வயது மகள் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளுக்கு வைத்த பெயர் மிளகு. தன் பெட்டிகள் தலைமையாசிரியையையே ஜெயிக்கும் என்று வகுப்பில் சவால் விட்டிருந்தாள்.

ஆட்டம் எளிது. ஒன்பது கட்டம், ஆளுக்கு மூன்று காய், எதிர்க்கரையைத் தொட்டால் வெற்றி. காய்கள் நிற்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி. உள்ளே பல நிற மணிகள்; நிறத்துக்கு ஒரு நகர்த்தல். கண்ணை மூடி எடுக்கும் மணி சொன்னபடி காய் நகரும். பெட்டிகள் தோற்றால் கடைசியாக எடுத்த மணியைத் தூக்கிவிட வேண்டும். ஜெயித்தால் அதே நிறத்தில் இன்னொன்று போட வேண்டும். போகப்போகத் தப்பாட்டம் குறையும்.

குறையவில்லை.

"மாமா, உங்க மெஷின் மறுபடியும் மண்ணக் கவ்விடுச்சு," என்றாள் மனைவியின் தங்கை. ஒத்தாசைக்கு வந்தவள், வாய் மட்டும் ஓய்வெடுக்காது. "பேசாம அடுப்பு பத்தவைக்க வெச்சுக்கலாம்."

அவன் ஒரு பெட்டியைத் திறந்தான். இத்தனை தோல்விக்குப் பாதி காலியாகியிருக்க வேண்டும். நிறைந்திருந்தது.

"யாரு திருப்பிப் போட்டது?"

"நான்தான்," என்றாள் மிளகு.

"ஏன்டா?"

"அதுவே தோத்துடுச்சுப்பா. அதுகிட்டேருந்து எடுக்கவும் செஞ்சா பாவமில்ல?"

தண்டனை இல்லாமல் கற்க முடியாது என்று சொல்ல வந்தவன், பெட்டியை மூடி வைத்தான்.

"சரி, எடுக்க வேணாம். ஜெயிச்சா மட்டும் போடுவோம். கை நிறைய."

"படிக்குமாப்பா?"

"படிக்கும். மெதுவா."

"அப்ப இன்னிக்குப் பூரா ஆடணும்னு சொல்லுங்க," என்று சித்தி சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

ஆடினார்கள். மணி தீர்ந்தது. சித்தி தன் வண்ணப் பாசிமாலையை அறுத்துக் கொட்டினாள். வெயில் சாய்கையில் தோற்றாள். மறுபடி தோற்றாள்.

"அடப்பாவி! என் மாலையப் போட்டுக்கிட்டு என்னையே கவுக்குது!"

அவன் சிரித்துவிட்டான். மிளகு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஆடினார். மூன்று ஆட்டம். மூன்றிலும் பெட்டிகளுக்கே வெற்றி. கூடம் ஆர்ப்பரித்தது. சவாலைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி தன் கணவருக்குப் போன் போட்டாள். "என்னங்க, நம்ம மிளகு மைக்கப் பிடிச்சு ஒரு பிரசங்கமே பண்ணிட்டா! விஞ்ஞானம், எதிர்காலம், எல்லாம்!"

அவன் திருத்தவில்லை. மைக்கே இல்லை. மிளகு உண்மையில் சொன்னது இவ்வளவுதான்:

"தோத்துட்டீங்க மிஸ். பரவால்ல, உங்ககிட்டேருந்து ஒண்ணும் எடுக்க மாட்டோம்."