விளாவாத தண்ணீர்

மண்ணூர்பேட்டையில் பேதி பரவினால் முதலில் திட்டு வாங்குவது பால்வாடி டீச்சர் வனஜாதான். அந்த மழைக்காலத்தில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதுகள் வீட்டுக்குப் போய் அம்மாக்களைப் பிடுங்கி எடுத்ததில் தெருவே அடுப்பில் பானை வைத்தது. அப்படியும் பார்வதத்தின் கைக்குழந்தை சம்பத் பேதியில் துவண்டு, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தான்.

பார்வதம் பால்வாடி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா டீச்சர், நீ சொன்னாப்ல காச்சித்தானே குட்த்தேன்? கிருஷ்ணாயிலுதான் தண்டம். இனிமே எந்த ஊட்லயும் காச்ச மாட்டோம், போ!"

பின்னால் நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். வனஜாவுக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம். அடுப்பை அணைத்தால் அடுத்து எந்தப் பிள்ளை படுக்குமோ? வாய்ச்சண்டை போட்டு ஜெயிக்கிற விஷயமா இது?

"எப்படிக் காய்ச்சுறேன்னு காட்டு, வா" என்று பார்வதத்தின் பின்னாலேயே நடந்தாள்.

பார்வதம் காய்ச்சியதில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. இறக்கி வைத்தாள். பிறகு, அடிபம்பில் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு, குளிக்க விளாவுவது போல அதிலே ஊற்றினாள்.

"ஏன்டி ஊத்துனே?"

"கொதிக்கக் கொதிக்கவா புள்ள வாய்ல ஊத்துவாங்க? வெளாவித்தானே குடுக்கணும்!"

வனஜா தலையில் அடித்துக்கொண்டாள். பச்சைத் தண்ணீர் கலந்தால் காய்ச்சியதே வீண் என்று எடுத்துச் சொன்னாள். "நல்லா கீது கதை" என்று பார்வதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கெல்லாம் அசருகிறவளா வனஜா?

மறுநாள் பால்வாடியில் பிள்ளைகளின் கண்ணெதிரே தண்ணீரைக் காய்ச்சி இறக்கினாள். "இப்போ என்ன பண்ணணும்?"

"வெளாவணும்!" என்று கூரை அதிரக் கத்தின அத்தனையும்.

"குளிக்கத்தான் வெளாவணும். குடிக்கிறதுன்னா மூடி வெச்சு ஆற விடணும்."

பானையைச் சுற்றிப் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்தாள். தாகம் என்று இரண்டு மூன்று சிணுங்கின. அழட்டும் என்று விட்டாள். ஆறிய பிறகுதான் ஆளுக்கு ஒரு டம்ளர் கிடைத்தது.

அன்று சாயங்காலம் சம்பத்தைப் பார்க்கப் போனாள். பார்வதத்தின் புருஷன் தேவராஜ் ஷிப்ட் முடிந்து வந்து, மகள் பிடுங்கி எடுத்ததில் பார்வதம் மறுபடி காய்ச்சி வைத்திருந்த பானையைத் திறந்தான். சுட்டது. சொம்போடு குடத்தின் பக்கம் திரும்பினான். வனஜாவிடம் படிக்கிற அந்த மகள் பேபி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வெளாவாத நைனா! தம்பி குடிக்கற தண்ணி. ஆறட்டும்!"

"தள்ளு, தாகமா கீது." கையை ஓங்கினான்.

பார்வதம் எழுந்து வந்து அவன் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கினாள்.

"நானே ஊத்தி, நானே அவனைப் படுக்க வெச்சேன்யா. குந்து. ஆறுனப்புறம் குடி."

தேவராஜ் மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பானையை மூடிவிட்டுக் கீழே உட்கார்ந்தான்.