கறுப்பு இல்லாத மயில்

சிக்கன்குனியா ஊரையே முடக்கிப் போட்ட வருஷம் அது. அச்சங்குளத்தில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மீதிப் பேர் அதற்கும் வக்கில்லாமல் படுத்துக் கிடந்தார்கள். பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பாண்டிச்செல்வி இந்த இரண்டாவது கூட்டம்.

படுத்தவள் வேறு வழியில்லாமல் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உதிராமல் இருக்க அவள் புருஷன் முனியராஜ் அச்சாபீஸ் வேஸ்ட் தாள்களை ஒட்டியிருந்தான். சிவகாசியில் மிஷின் ஓட்டுகிறவன் வீட்டுச் சுவர் வேறு எப்படி இருக்கும்? காலண்டர் மயில் ஒன்று, நிறம் நிறமாக அச்சு ஏறிய நான்கு தாள்களில் வரிசையாக இருந்தது. முதல் தாளில் வெறும் மஞ்சள். மயில் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்ததில் அதன்மேல் சிவப்பு விழுந்திருந்தது. மூன்றாவதில் நீலம் விழுந்ததும் கழுத்தும் தோகையும் தெரிந்தன. நான்காவதில் கறுப்பு. மயில் உயிரோடு நின்றது.

இத்தனை வருஷம் கண்ணெதிரே இருந்ததை இப்போதுதானே பார்க்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கத்தோடு ஒரு நினைப்பும் வந்தது. வானத்தில் வெடிக்கிற ஷெல் மட்டும் ஏன் எல்லா நிறத்தையும் ஒரே அடியாகக் கொட்ட வேண்டும்? இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தால் என்ன? மூட்டு வலிகூட மறந்துபோய் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

வேலை முடிந்து வந்த முனியராஜ் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கறுப்பு விழாம படம் நிக்காது புள்ள. அதுதான் இறகுக்கு இறகு ஓரம் கட்டும். கறுப்பா எரியிற மருந்துக்கு எங்கன போவ?"

ஆனாலும் நடக்க முடிந்த அன்றே போர்மேன் சோணைமுத்து முன்னால் போய் நின்றாள். சீசனுக்குப் புது அயிட்டம் வேண்டும் என்று முதலாளி அவரைக் குடைந்துகொண்டிருந்த நேரம்.

"மஞ்சள் அணையுமுன்னே அதே எடத்துல சிவப்பு, அதுமேல நீலம். திரிய மூணு அளவா வச்சுக் கட்டணும்ணே."

"ஒரே ஒரு ஷெல்லு கட்டித் தரச் சொல்லுதேன். சொதப்புச்சுன்னா, பெறகு நீ ஷெல் ரூம் பக்கம் தலவச்சுப் படுக்கக் கூடாது."

பிறர் செய்த சரக்குக்கு லேபிள் ஒட்டியே கை தேய்ந்தவளுக்கு, சரக்கு உருவாகிற அந்த அறையில் ஒரு நாளாவது உட்கார வேண்டும் என்பதுதான் ஆசையெல்லாம். இருந்தாலும் தலையாட்டினாள்.

ட்ரையல் அன்று பொழுது சாய்ந்து இருட்டியதும், கரிசல் பொட்டலில் ஷெல் மேலே போனது. மஞ்சள் விரிந்தது, அகலமாக, சோகையாக.

"அம்புட்டுத்தானா?" என்றார் சோணைமுத்து.

அவர் வாய் மூடுவதற்குள் சிவப்பு விழுந்தது. அதன்மேல் நீலம். அம்மாடி! வானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தோகை விரிந்து நின்றது. ஒவ்வொரு இறகும் தனித்தனியாக, ஓரம் கட்டி, எடுப்பாகத் தெரிந்தது. அவள் வைக்காத நிறம் ஒன்றும் அதில் இருந்தது. பாண்டிச்செல்விக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்ணீர் வருவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

சோணைமுத்து அண்ணாந்த தலையை வெகுநேரம் இறக்கவில்லை. "நாளைக்கு நேரா ஷெல் ரூமுக்கு வந்துருத்தா," என்றார், மேலே பார்த்தபடியே.

கம்பெனி வண்டி அவளை இறக்கிவிட்டபோது முனியராஜும் தெருவில் அண்ணாந்துதான் நின்றிருந்தான்.

"கலரு வரிசையா விழுந்தப்பவே ஒன் வேலைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா அந்தக் கறுப்ப எங்கன புடிச்ச?"

"நான் எங்க புடிச்சேன்? எனக்கு முந்தியே அங்கன யாரோ அடிச்சு வச்சிருந்தாக," என்றாள் அவள்.

இருவரும் ராத்திரி வானத்தைப் பார்த்தார்கள். இப்போது அந்தக் கறுப்பு மட்டும் இருந்தது.