முழுக்கத் திறந்த கதவு

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பதாம் நாள் காலையில், தன்னோடு இங்கே இருப்பது இரண்டு பேர் இல்லை, மூன்று பேர் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருவன் கணவன். ஒருவர் மாமியார். மூன்றாவது யாரென்று தெரியவில்லை.

கதவுகள்தான் காரணம். பார்வை இல்லாதவர்களுக்குப் படிக்கட்டும் சுவரும்தான் எதிரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பாதி திறந்த கதவுதான் எதிரி. நீட்டிய இரண்டு கைகளுக்கும் நடுவே புகுந்து அதன் விளிம்பு நேராக நெற்றிப்பொட்டில் வந்து நிற்கும். முதல் வாரத்தில் அவளுக்கு இரண்டு இடங்களில் வீங்கியது. கணவன் ஐஸ்கட்டி வைத்து ஒத்தடம் கொடுத்தான், மன்னிப்புக் கேட்டான், மறுநாளும் கதவைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பழகிய கதவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். மாமியாருக்கும் அந்த நினைப்பு இருப்பதில்லை. ஆனால் இப்போதெல்லாம் கதவுகள் சுவரோடு ஒட்டி முழுக்கத் திறந்திருந்தன. பகலில் படுத்து எழுந்து கட்டிலிலிருந்து காலை இறக்கினால், செருப்பு சரியாகப் பாதத்துக்கு அடியில் இருந்தது.

சோதித்துப் பார்த்தாள். கணவன் வேலைக்கும் மாமியார் கடைக்கும் போயிருந்த நேரத்தில் ஸ்டூலை நடைவழியின் நடுவில் வைத்தாள். அடுப்புக்கு மேலிருந்த அலமாரிக் கதவைத் திறந்து விட்டாள். பிறகு அறைக்கு வந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். டாக்டர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. அதனால் கணவன் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவான். ஹெட்செட் காதில் இருக்கும்வரை வீட்டில் இடி விழுந்தாலும் அவளுக்குக் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்துப் போனபோது ஸ்டூல் மேசைக்கடியில் இருந்தது. அலமாரிக் கதவு திறந்தபடியே இருந்தது.

ஒரு தடவை என்றால் தற்செயல். வேறு வேறு நாட்களில், வேறு வேறு பொருட்களை வைத்துச் செய்தாள். முடிவு மாறவில்லை. இடுப்புக்குக் கீழே கிடந்ததெல்லாம் ஒழுங்கானது. மேலே இருந்ததெல்லாம் விட்டபடி இருந்தது. உயரமே இல்லாத ஒரு கை.

அன்றிரவு கணவனிடம் கேட்டாள்.

"நம்ம வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"இருந்தா பாதி வாடகை வாங்காம விட்டிருப்பேனா, டாக்டரம்மா?"

சிரித்தான். ஆனால் அவள் விரல்களுக்கு ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுத்துக்கொண்டிருந்த அவன் கை, மோதிரவிரலில் நின்றுவிட்டது.

"அந்தக் கடைசி ரூம்ல?"

"பழைய சாமான். கால்ல ஏதாவது குத்திடும், அந்தப் பக்கம் போகாதே."

அதற்கு மேல் கேட்டு இந்த இடத்தைக் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பயம். இதற்கு முன் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். இவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசினார்கள். மாமியார் கேட்டது ஒரே கேள்வி: "கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியாதாம்மா?" தெரியாது என்றதும் அந்தப் பக்கமிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. இப்படி இரங்குகிற மனசும் உண்டா என்று அன்று அவளுக்குக் கண் கலங்கியது.

ஞாயிற்றுக்கிழமை மாடிவீட்டு அம்மாள் புதுப்பெண்ணைப் பார்க்க வந்தாள். மணி அடித்தது. மாமியாரின் காலடி முதலில் வீட்டின் பின்பக்கம் போனது. எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகுதான் காலடி வாசலுக்கு வந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் இப்படித்தான். வயதானவர்களுக்கு ஆயிரம் பழக்கம் என்று அவள் இதுவரை விட்டிருந்தாள்.

"அவங்க டீ குடிப்பாங்களா?" மாடிவீட்டு அம்மாள் இவள் கணவனிடம் கேட்டாள்.

"குடிப்பேன். காதும் கேக்கும்" என்றாள் இவள்.

அந்த அம்மாள் சிரித்து இவள் கன்னத்தைத் தட்டினாள். பிறகு மாமியாரிடம், "இந்தக் காலத்துல யாருக்கு இப்படிப் பெரிய மனசு வரும், சொல்லுங்க. மூத்த பொண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு பொண்ணு வந்துட்டா" என்றாள்.

"டீ ஆறிடப்போகுது, குடிங்க" என்றார் மாமியார்.

"உங்களுக்கு அக்கா இருந்தாங்களா?" என்று அவள் இரவில் கேட்டபோது, "சின்ன வயசுலயே…" என்று தொடங்கிய கணவன் அந்த வாக்கியத்தை முடிக்காமல் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் மாமியார் வெளியே போனதும் அவள் வழக்கம்போல ஹெட்செட்டை மாட்டினாள். எதையும் ஓடவிடவில்லை. சற்று நேரத்தில் அதைக் கழற்றி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் நடைவழிக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். கை கீழேதான் இருக்கிறது என்றால், தேடவேண்டிய இடமும் கீழேதான்.

கடைசி அறையின் கதவு திறந்தது. தரையில் ஓர் உள்ளங்கை ஊன்றும் ஓசை. துணி இழுபடும் ஓசை. மறுபடி உள்ளங்கை. மறுபடி துணி. கைக்கெட்டும் தூரத்தில் அது சட்டென்று நின்றது. மூச்சு அவள் முகத்துக்கு நேர் உயரத்தில் வந்தது. அவள் தேய்க்கிற அதே சோப்பின் வாசனை.

"நீங்க செத்துட்டீங்களா?" என்று கேட்டாள். குரல் சின்னப்பிள்ளைக் குரலாக வந்தது.

பதில் கரகரத்து வந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை.

"வெளியில அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்க."

கையை நீட்டினாள். அங்கே ஒரு கை இருந்தது. சூடாக இருந்தது. அதன் உள்ளங்கை குதிகாலைப் போலக் காய்த்திருந்தது.

"சின்ன வயசுல காய்ச்சல் வந்துச்சு. அதோட கால் போச்சு. வீட்ல இப்படி ஒருத்தி இருந்தா தம்பிக்கு யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு வீட்டை மாத்திட்டு இங்க வந்தோம். ராத்திரியில வந்தோம். நான் வந்தது இங்க யாருக்கும் தெரியாது."

"ஸ்டூல், செருப்பு எல்லாம் நீங்கதானா?"

"நீ இடிச்சுக்கிட்டே இருந்தியே, பாவம். மேல எட்டல." கொஞ்சம் சிரிப்புப் போல ஒன்று. "நீ வந்ததுக்கு அப்புறம்தான் அம்மா பகல்ல கதவைத் திறந்து விடுது. சத்தம் போடாம இருந்தா சரின்னு சொல்லிச்சு. கண்ணு தெரிஞ்ச பொண்ணு வந்திருந்தா, நான் ஆயுசுக்கும் உள்ளேயே கிடந்திருக்கணும்."

கொஞ்சம்கூட வெளிச்சம் தெரியாதாம்மா. அந்தப் பெருமூச்சு அவள் காதில் மறுபடி கேட்டது. அது இரக்கம் இல்லை. நிம்மதி.

"உனக்குத் தெரியும்னு சொல்லிடாதே. சொன்னா மறுபடி பூட்டிடுவாங்க."

வாசலில் சாவி திரும்பியது. கை உருவிக்கொண்டது. துணி அவசர அவசரமாகத் தரையை இழுத்துக்கொண்டு பின்னால் போனது. அவளும் அந்த ஓசையைத் தொட்டுக்கொண்டே தவழ்ந்து போனாள். கடைசி அறையின் கதவைச் சுவரோடு ஒட்டும்வரை தள்ளி, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். அறைக்குள் கையை விட்டு, காய்த்த அந்த உள்ளங்கையைத் தேடிப் பிடித்தாள்.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே" என்றார் மாமியார், வாசலில் செருப்பைக் கழற்றியபடி. "யார்கூடப் பேசிட்டிருந்தே?"

யாருமில்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் செருப்பு பாதத்துக்கு அடியில் இருக்கும். நாளைக்கும் அவள் பெரிய மனசுக்காரர்கள் வீட்டு மருமகள். மாமியாரின் காலடி நடைவழிக்குள் வந்து திரும்பியது. அவள் முதுகால் கதவை இன்னும் அழுத்தினாள்.

"அண்ணிகூட, அத்தை."

பை கீழே விழுந்தது. அதிலிருந்து எதுவோ உருண்டு, உருண்டு, நடைவழி முழுக்க வந்தது. அவள் காலில் படுவதற்குள், தரையோடு நீண்டு வந்த ஒரு கை அதை நிறுத்தியது.