சீட்டின் உயரம்

ஸ்பேனரைச் சைக்கிள் சீட்டின் மரையில் கொடுத்து, உடலின் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள் தையல்நாயகி. மரை அசையவில்லை. மார்கழிப் பனியில் நனைந்திருந்த கம்பியை முந்தானையால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தபோதுதான், சீட்டுக் கம்பி பிரேமுக்குள் இறங்கும் இடத்தைச் சுற்றி உலோகம் புதிதாக உருகி ஓடி உறைந்திருப்பது தெரிந்தது. பற்றவைத்திருந்தார்கள். கணவனின் உயரத்துக்கு வைத்து, இனி என்றைக்கும் இறங்காதபடி.

எழுபத்தெட்டாம் ஆண்டில் நெல்லித்தோப்பில் அந்த லேடீஸ் சைக்கிளை அறியாதவர் இல்லை. அதை ஓட்டியவர்கள் இருவர். ஆறடி உயரச் சிகாமணி ஒருவன்; அவன் நெஞ்சளவுக்கு நின்ற அவள் இன்னொருத்தி. அவனுக்கு மில்லில் இரவு ஷிப்ட். அவளுக்கு வீராம்பட்டினம் பால்வாடியில் டீச்சர் வேலை. காலையில் அவன் வந்து இறங்குவான், அவள் ஏறுவாள். மாலையில் அவள் வந்து இறங்குவாள், அவன் ஏறுவான். பார் வைத்த வண்டியில் புடவையோடு ஏற முடியாது என்பதால் லேடீஸ் சைக்கிளே போதும் என்று தீர்மானித்தவனும் அவன்தான். சிரித்த சைக்கிள் கடைக் கொளஞ்சியிடம், "சைக்கிளுக்கு ஏதுய்யா ஆம்பள பொம்பள?" என்று கேட்டான். அந்த வீட்டில் இருந்தது ஒரே ஒரு சட்டம். வந்தவர், அடுத்தவரின் உயரத்துக்குச் சீட்டை மாற்றிவிட்டுத்தான் வாசற்படியை மிதிக்க வேண்டும்.

புரோகிதரும் தாலியும் இல்லாமல், பொதுக்கூட்ட மேடையில் ஒப்பந்தம் படித்து மாலை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். தெய்வசிகாமணி என்ற பெயரிலிருந்து தெய்வத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வந்தவன், ஏங்க என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டான். மணி என்றும், வா போ என்றும் கூப்பிட அவள் முதலில் கூச்சத்தோடு பழகினாள், பிறகு பெருமையோடு. மேடையில் படித்த ஒப்பந்தத்துக்கு ஊரே கை தட்டியது. இராமுழுவதும் தறி இரைச்சலில் நின்றுவிட்டு வந்தவன், எரியும் கண்களோடு வாசலில் மண்டியிட்டு மரையைத் திருகினானே, அதற்குக் கை தட்ட ஒருவரும் இல்லை. அதனாலேயே அவள் அந்தத் திருகலை அதிகம் நம்பினாள்.

பிறகு சங்கத் தேர்தல் வந்தது. செயலாளர் பதவிக்கு அவன் நின்றான். எதிரணியினர் மில் சுவரில் கரியால் ஒரு படம் வரைந்தார்கள். ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நிற்க, நெட்டையன் ஒருவன் மண்டியிட்டுச் சீட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில், 'பொண்டாட்டிக்கு இறக்குபவன் கூலியை ஏற்றுவானா?' முதல் நாள் அவனே வீட்டுக்கு வந்து அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனை எங்கே போய்த் தைத்தது என்பதை அவள் அறியவில்லை. அவன் தோற்றான். மறுநாளிலிருந்து சைக்கிள், சீட்டு இறங்காமலேயே வாசலில் நின்றது. அசதியில் மறந்திருப்பான் என்று அவளே இறக்கிக்கொண்டாள். இன்று அதற்கும் வழியில்லை.

ஸ்பேனரோடு உள்ளே போனாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தூங்கவில்லை என்பது முதுகில் தெரிந்தது.

"சீட்டு ஆடிக்கிட்டே இருந்துது," என்றான், அவள் கேட்பதற்கு முன்பே. "கொளஞ்சிகிட்ட குடுத்து பத்த வச்சிட்டேன்."

"எனக்கு எப்பிடி எட்டும் மணி?"

"பஸ்ல போ. இல்லன்னா வேலைய உட்டுடு. நான் சம்பாரிக்கிறது போதாதா?"

எத்தனை எத்தனை வீடுகளில் எத்தனை பெண்களின் காலை ஒடித்த சொல் அது! அந்தச் சொல்லை அவன் மேடைதோறும் கிழித்து எறிந்ததை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் அவள். பஸ் வந்து சேர்வதற்குள் மீன்கூடையோடு தாய்மார் ஊரைக் கடந்திருப்பார்கள்; பூட்டிய பால்வாடியின் முன் பிள்ளைகள் மணலில் நிற்கும். இதையெல்லாம் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா? ஸ்பேனரை மாடத்தில் வைத்தாள்.

"சோறு மூடி வச்சிருக்கேன். எழுந்து சாப்புடுங்க."

அவன் சட்டென்று திரும்பினான். "என்னா சொன்ன?"

"சாப்புடுங்கன்னு சொன்னேங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். உதடு பிரிந்தது. அப்படிக் கூப்பிடாதே என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். பிறகு போர்வையை இழுத்துக்கொண்டு, மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

தெருவில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளினாள். சீட்டின் நுனி அவள் விலாவை இடித்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெடலின்மேல் ஏறி நின்றாள். நின்றபடியே மிதித்தாள். முதலியார்பேட்டையைத் தாண்டுவதற்குள் தொடைகள் நடுங்கத் தொடங்கின. உட்கார இடமில்லை; நின்று மிதிக்கவும் முடியவில்லை, நிறுத்தவும் மனம் வரவில்லை.

அரியாங்குப்பம் பாலத்து ஏற்றத்தில், டவுனுக்குக் கூடை சுமந்து எதிரே வந்த மீன்காரிகளில் ஒருத்தி அவளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"சீட்ட வச்சிக்கினு ஏம்மா நின்னுகினே மெதிக்கிற? பின்னால யார குந்த வச்சினு போற?"

கூட வந்தவர்கள் கலகலவென்று சிரித்தார்கள். தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அந்தச் சீட்டு வெறுமையாக நிமிர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் கறுத்த தோலின்மேல், யார் உடலும் படாத பனி துளித்துளியாக அப்படியே இருந்தது.